ஆங்கிலப் பாடம் தேங்கிப் போனவர்களுக்கு: கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம்

என் மகள் மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கு, இயற்பியல் எல்லாம் அவளே பார்த்துக்கொள்வாள். ஆங்கிலம்தான் ஆகஸ்டிலேயே தேங்கிவிட்டது. புத்தகத்தில் 6 உரைநடை, 6 செய்யுள், 6 துணைப்பாடம். அவள் ஒழுங்காகப் படித்திருந்தது முதல் பாடம் மட்டும். மிஸ் கொடுத்த நாலு அசைன்மென்ட் எழுதாமல் கிடந்தன. ஒரு டியூஷனில் சேர்த்தோம். அங்கே புத்தகத்தைத் திறக்கவே இல்லை, ஜெராக்ஸ் நோட்ஸைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். பத்தியை அப்படியே ஒப்பிப்பாள். கதையில் யார், என்ன செய்தார் என்று கேட்டால் விழிப்பாள். இரண்டு மாதத்தில் நிறுத்திவிட்டேன்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் கூட்டிக்கொண்டு இந்த நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் கோட்டூர்புரம். இறங்கி காந்தி மண்டபம் சாலைக்கு நடந்துவிடலாம். 2010 செப்டம்பர் 15-ல் திறந்த கட்டடம். மறு வருடமே இதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அறிவிப்பு வந்து, உயர் நீதிமன்றம் தடை போட்டது. அந்தத் தடை வராமல் இருந்திருந்தால் என்று அங்கே உட்காரும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

தரைத்தளத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கிறவர்களுக்குத் தனி இடம் உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற அண்ணன், அக்காக்கள்தான் அதிகம். குனிந்த தலை நிமிராமல் படிப்பார்கள். முதல் நாள் என் மகள் கால் மணி நேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் புத்தகத்தைத் திறந்தாள். வீட்டில் நான் நூறு தடவை சொல்லியும் நடக்காதது அது.

ஆனால் இந்த விமர்சனத்தை எழுத வைத்தது இரண்டாவது தளம். ஐந்தாவது உரைநடையாக வரும் 'தி சேர்' நம் கி. ராஜநாராயணன் எழுதிய 'நாற்காலி' கதைதான். அது தமிழிலிருந்து போனது என்பதே அவளுக்குத் தெரியாது. தமிழ்ப் புத்தகங்கள் இருக்கிற இரண்டாவது தளத்தில் கி.ரா. கதைகளைத் தேடி எடுத்து அவள் கையில் கொடுத்தேன். முக்காலியிலிருந்து சப் ஜட்ஜ் விழுகிற இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிணத்தை உட்கார வைக்க நாற்காலியை இரவல் கேட்டு வருகிற இடத்தில் அமைதியாகிவிட்டாள். கீழே வந்து ஆங்கிலப் பாடத்தைத் திறந்தபோது அகராதி அதிகம் தேவைப்படவில்லை. தெரியாத சொல் வந்தால், தமிழில் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று யோசித்துப் பிடித்துவிட்டாள். 150 வார்த்தைப் பத்தியை நோட்ஸ் இல்லாமல், மூன்று முறை அடித்துத் திருத்தி எழுதினாள். இலக்கணப் பிழை இருந்தது. ஆனால் அத்தனையும் அவள் வாக்கியங்கள்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். காலையிலேயே போய்விடுங்கள், பையை வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பாடம் போதும். நாங்கள் ஒரே ஞாயிறில் இரண்டு பாடம் முயன்றோம், இரண்டாவது மண்டையில் ஏறவில்லை. எழுதியதைத் திருத்த அங்கே ஆள் கிடையாது என்பதையும் மனதில் வையுங்கள். அதற்கு மிஸ்ஸிடம்தான் போக வேண்டும். மகள் திங்கட்கிழமை மதிய இடைவேளையில் காட்டி வாங்கிக்கொள்கிறாள்.

தமிழ் வழியில் படித்த எனக்கு ஆங்கிலத்தில் உதவ முடியவில்லையே என்ற குறை ரொம்ப நாளாக இருந்தது. நாலு அசைன்மென்டும் முடிந்துவிட்டன. போன வாரம் திரும்பி வரும்போது ரயிலில் அவள் எனக்கு 'தி சம்மிட்' பாடத்தைச் சொன்னாள். ஹிலாரியும் டென்சிங்கும் உச்சிக்குப் போவதற்குள் மந்தைவெளி வந்துவிட்டது. மீதியைப் படி இறங்கிக்கொண்டே சொல்லி முடித்தாள்.