ஊருக்குச் சேர்த்த பணத்தை யார் கையில் கொடுப்பது?

எங்கள் குழுவில் 43 பேர். இராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தபடி பேசி ஆரம்பித்தோம்: ஆளுக்கு மாதம் 500 ரூபாய், ஊருக்கு ஏதாவது செய்வது. சிலர் ஒழுங்காகக் கட்டினார்கள், சிலர் விட்டுவிட்டுக் கட்டினார்கள். இப்போது கணக்கில் ஆறு லட்சத்துச் சொச்சம் இருக்கிறது. அதை வைத்து ஊர்க் குளமான ஊருணியைச் சரிசெய்வது என்று முடிவாகிவிட்டது. பணம் சேர்க்கும்போது வராத சண்டை, அதை எடுக்கலாம் என்றதும் வந்துவிட்டது. சொந்தமாக டிரஸ்ட் போடலாம் என்கிறது ஒரு கட்சி. ஏற்கெனவே நடக்கிற பெரிய அமைப்பில் சேரலாம் என்பது இன்னொன்று. அரசின் 'நமக்கு நாமே' திட்டத்தில் போடலாம் என்று மூன்றாவது. கணக்கு எழுதுகிறவன் என்பதால் நாலையும் விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நாலாவது எது என்று பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு கொட்டகையைப் பார்த்துவிடுவோம். பஸ்ஸை விட்டு இறங்கினால் வலது கைப் பக்கம் தகரம் வேய்ந்த கொட்டகை. உள்ளே ஆர்.ஓ. எந்திரம். வாசலில் கறுப்பு கிரானைட்டில் தங்க எழுத்தில் நன்கொடையாளர் பெயர்கள். வெளியூர் அன்பர்கள் நல்ல மனதோடு வைத்ததுதான், குறை சொல்வதற்கில்லை. ஒன்றரை வருடம் ஓடியது. அப்புறம் மெம்பிரேன் போனது. மாற்ற யாரும் முன்வரவில்லை. கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனார்கள். இப்போது அந்த நிழலில் ஆடுகள் படுத்திருக்கின்றன. பெண்கள் அதைத் தாண்டித்தான் தள்ளுவண்டியில் எட்டுக் குடம் அடுக்கித் தள்ளிக்கொண்டு போகிறார்கள். இராமநாதபுரத்துக்காரர்களுக்கு அந்த வண்டியை விளக்க வேண்டியதில்லை.

மத்திய அரசு 2018-ல் வளர்ச்சியில் பின்தங்கியவற்றை முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இரண்டு: இராமநாதபுரம், விருதுநகர். அதற்காக இங்கே பணமே வராது என்று நினைக்க வேண்டாம். காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2009-ல் வந்துவிட்டது. வருவதெல்லாம் ஒரு தடவை வருகிறது, மறு தடவை எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் நான் எல்லாவற்றையும் இரண்டே கேள்வியால் அளந்தேன். கணக்குக் கேட்கும் உரிமை யாருக்கு? பழுதானால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

முதலில் சொந்த அமைப்பு. டிரஸ்ட் போடுவது சுலபம். பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் முடிந்தது. ஆனால் பத்திரத்தில் பெயர் உள்ள நாலைந்து பேர்தான் அறங்காவலர்கள். மற்ற 38 பேரும் பணம் கட்டலாம், கைதட்டலாம். ஓட்டு கிடையாது. சங்கம் வேறு மாதிரி. 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் பதியலாம். வருடா வருடம் பொதுக்குழு கூட்டி, வரவு செலவு வைத்து, மாவட்டப் பதிவாளருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'தொல்லை பிடித்த வேலை மாப்ள' என்றான் டிரஸ்ட் கட்சிக்காரன். அந்தத் தொல்லைதான் எனக்குப் பிடித்தது. எல்லாரும் பணம் போடுகிற இடத்தில் எல்லாரும் கேள்வி கேட்க முடிய வேண்டும். டிரஸ்டில் நல்லவர்கள் இருக்கிறவரை எல்லாம் நல்லது. அந்த நல்லவர்களுக்கு அறுபது வயதாகும்போது என்ன என்பதற்குப் பத்திரத்தில் பதில் எழுதி வைப்பவர்கள் குறைவு.

வரிச்சலுகைதான் டிரஸ்ட் கட்சியின் பெரிய வாதம். 80ஜி என்று நாம் பழக்கத்தில் சொல்லும், நன்கொடை கொடுப்பவருக்கான வருமான வரிச் சலுகை சங்கத்துக்கும் கிடைக்கும் என்பது ஒன்று. இன்னொன்று, புதிய வரி முறையில் இருப்பவருக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனமில்லை. பழைய முறையிலும் எங்களைப் போன்ற அமைப்புக்குக் கொடுத்தால் பொதுவாகப் பாதித் தொகைக்குத்தான் கழிவு, ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதுவும் இல்லை. எங்கள் 43 பேரில் இதனால் லாபம் அடையப் போகிறவர்களை எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல் போதும்.

வெளிநாட்டுப் பணம்தான் உண்மையான சிக்கல். எங்களில் ஏழு பேர் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து அனுப்பினால் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் எங்கள் நண்பன் ஒருவன் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டான். பிறந்தது, படித்தது, வேப்ப மரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டது எல்லாம் இந்த ஊர்தான். இருந்தாலும் அவன் அனுப்பும் 500 ரூபாய் வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும். அதற்கு அமைப்பு மூன்று வருடமாவது நடந்திருக்க வேண்டும், அந்தக் காலத்தில் 15 லட்சமாவது செலவழித்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். எங்களுக்கு இது எட்டாது. அவனிடம் சொன்னோம். 'சரி, அந்தப் பணத்தை அம்மா மருந்துக்கு அனுப்புகிறேன்' என்றான். அன்று குழுவில் யாரும் வேறு எதுவும் பேசவில்லை.

அவனைப் போன்றவர்களுக்கு ஏற்றவை பெரிய உறுப்பினர் அமைப்புகள். அமெரிக்காவில் 1974-ல் தொடங்கிய தமிழ்நாடு அறக்கட்டளை இருக்கிறது. 1991-ல் பெர்க்லி மாணவர்கள் இந்தியக் குழந்தைகளின் கல்விக்காகத் தொடங்கிய ஆஷா இருக்கிறது. அதே வருடம் இந்திய வளர்ச்சிப் பணிகளுக்காக மேரிலாந்தில் பிறந்த எய்ட் இருக்கிறது. ஆஷாவிலும் எய்டிலும் எனக்குப் பிடித்தது, தன்னார்வலர்கள் வார இறுதியில் கூடி ஒவ்வொரு விண்ணப்பத்தையும் துருவித் துருவிக் கேட்பது. விடுமுறைக்கு இந்தியா வருகிறவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். எங்கள் குழுவில் அந்த அளவு கேள்வி கேட்கத் தெரிந்தவர் இரண்டு பேர் இருந்தால் அதிகம். ஆனால் இந்த அமைப்புகள் ஊருக்கு நேரடியாகப் பணம் தருவதில்லை. இங்கே வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்துக்குத் தருகின்றன, அந்த நிறுவனத்துக்கும் மேலே சொன்ன பதிவு வேண்டும். எங்கள் ஊரில் அப்படி ஒரு நிறுவனம் இல்லை. யாரும் வராத இடம் என்பதாலேயே யாரும் வர முடியாத இடமாகவும் இருக்கிறது.

இணையத்தில் பொதுமக்களிடம் வசூலிக்கும் தளங்களைப் பற்றி நீட்ட வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு மூன்று நாளில் பணம் வேண்டுமென்றால் அதுதான் வழி. கண்மாய்க் கரைக்கு அழுகிற குழந்தையின் படம் கிடைக்காது.

இனி நமக்கு நாமே. 1990-களின் பிற்பகுதியில் வந்த திட்டம். 2011-க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-22-ல் பழைய பெயருக்கே திரும்பியது. கணக்கு இதுதான். மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். ஆறு லட்சத்தை வைத்து 18 லட்சத்துக்கு வேலை பார்க்கலாம். கேட்டதும் எங்கள் ஆட்களுக்குக் கண் விரிந்துவிட்டது. நானும் விரித்தேன்.

ஒன்றிய அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்த பிறகுதான் நுணுக்கம் புரிந்தது. நம் பங்கை முதலிலேயே கட்டிவிட வேண்டும். எஸ்டிமேட் பொறியாளர் போடுவார், நிர்வாக அனுமதி ஆட்சியர் தருவார், டெண்டர் போகும். ஒப்பந்ததாரர் யாராகவும் இருக்கலாம். கரை மண்ணை எங்கிருந்து எடுக்கிறார், மடைக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் போடுகிறார் என்று நாம் வேலியோரம் நின்று பார்க்கலாம். கேட்கவும் செய்யலாம். பதில் அவரவர் மனசு. நம் பங்கு பாதியோ அதற்கு மேலோ இருந்தால் கதை மாறும். வேலையை நாமே எடுத்துச் செய்யவோ, யார் செய்வது என்று தேர்ந்தெடுக்கவோ விதியில் இடமுண்டு. ஆக, 18 லட்சத்துக்கு ஒப்பந்ததாரர் வேலையா, 12 லட்சத்துக்கு நம் வேலையா? குழுவில் ஓட்டெடுப்பு வைத்தால் 18-தான் ஜெயிக்கும். என் ஓட்டு 12-க்கு. ஊருணியில் அரை அடி ஆழம் குறைந்தாலும் மே மாதம் அது தெரிந்துவிடும். கோடையில் அங்கே இறங்குகிறவர்கள் கணக்குப் புத்தகம் பார்ப்பதில்லை, தண்ணீரைப் பார்க்கிறார்கள்.

பள்ளிக்கூடத்துக்கென்றே 2022 டிசம்பரில் வந்த 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தில் பள்ளியைத் தேர்ந்தெடுத்து இணையத்திலேயே பணம் கட்டலாம். கழிப்பறை, பெஞ்ச் வாங்க நினைக்கும் முன்னாள் மாணவர்கள் யோசிக்காமல் அங்கே போகலாம். எங்களுக்கு ஊருணி என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது.

இதுவரை சொன்ன எதுவும் என் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. நமக்கு நாமேயில் கட்டிய மடை உடைந்தாலும் நாம் மனு எழுதத்தான் வேண்டும். அங்கேதான் நாலாவது வழி வருகிறது. வெளியே இருப்பவர் கொடுப்பதற்கு முன் ஊர்க்காரர்களே பங்கு போடுவது. இது ஒன்றும் புதிதல்ல. பக்கத்து விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலைப் பள்ளி, வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது எடுத்து வைத்த பிடியரிசியால் நடந்தது. வியாபாரிகள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாகக் கொடுத்தார்கள். பிடியரிசி கொடுத்த வீட்டுப் பெண்ணுக்கு வாத்தியார் ஏன் வரவில்லை என்று கேட்க வாய் இருந்திருக்கும்.

மதுரை தானம் அறக்கட்டளை 1990-களிலிருந்து கண்மாய்ப் பாசனக்காரர்களை வயலகம் என்ற சங்கங்களாகச் சேர்த்து வருகிறது. கண்மாயால் பயன்பெறுபவர்தான் உறுப்பினர், அவர் பங்கு போட்ட பிறகுதான் வேலை. ஒடிசாவின் கிராம் விகாஸ் இன்னும் கறார். ஊரில் ஒரு வீடு விட்டுப் போனாலும் அந்த ஊரில் வேலை தொடங்காது. அதை 1979-ல் நிறுவிய ஜோ மதியாத், சென்னையில் படித்த காலத்தில் மாணவர் குழுவோடு புயல் நிவாரணத்துக்கு ஒடிசா போய் அங்கேயே தங்கிவிட்டவர். சராசரியாகக் குடும்பத்துக்கு ஆயிரம் ரூபாய் வாங்கி வங்கியில் போட்டு வைப்பார்கள். பிறகு புதிதாகக் குடித்தனம் வைக்கும் வீட்டுக்கு அந்த வட்டியிலிருந்து உதவி. குழாயும் குளியலறையும் எல்லா வீட்டுக்கும், சாதி பார்க்காமல், ஒரே மாதிரி. எங்கள் ஊரில் இந்தக் கடைசி வரியை வாசித்துக் காட்டினால் நாலு பேர் எழுந்து போவார்கள். அதனாலேயே வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்த வழியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். மெதுவோ மெது. தானம் கண்மாய் கண்மாயாகப் போனது, நாங்கள் வீடு வீடாகப் போகிறோம். நூறு நாள் வேலைப் பணமே மாதக் கணக்கில் பாக்கி என்று சொல்கிற வீட்டில் பங்கு கேட்பது கூச்சமாகவும் இருக்கிறது. 'வெளியூரில் சம்பாதிக்கிற நீங்களே போட்டால் என்னப்பா' என்று ஒருவர் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது.

குழுவுக்கு நான் கொடுத்த சிபாரிசு இதுதான். டிரஸ்ட் வேண்டாம், சங்கம். அதில் பாதிப் பேர் ஊரில் இருப்பவர்கள், அதிலும் பாதி தண்ணீர் எடுக்கிற பெண்கள். ஊருணிக்கு நமக்கு நாமேயில் பாதிப் பங்கு போட்டு வேலையை நாமே செய்வது. ஒரு லட்சத்தைத் தொடாமல் வங்கி வைப்பில் வைத்து, கரைக்கும் வேலிக்கும் அதன் வட்டி. ஊர் வசூல் ஆரம்பித்த பிறகுதான் எங்கள் பணம். 43 பேரில் 26 பேர் சரி என்றார்கள். டிரஸ்ட் கட்சியில் இரண்டு பேர் விலகிவிட்டார்கள்.

போன மாதம் வசூலுக்குப் போனோம். மூன்றாவது வீட்டில் ஒரு அப்பத்தா சுருக்குப் பையிலிருந்து 200 ரூபாய் எடுத்துக் கொடுத்துவிட்டு, திண்ணையை விட்டு எழுந்திரிக்காமல் 'ரசீது எங்கப்பா?' என்று கேட்டார். எங்களிடம் ரசீது புத்தகமே இல்லை. பரமக்குடியில் அச்சடிக்கக் கொடுத்தபோது, சங்கப் பதிவு எண் இல்லாமல் எப்படிப் போடுவது என்று கேட்டார் அச்சகக்காரர். விண்ணப்பம் பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. அந்த 200 ரூபாயைத் தனிக் கவரில் போட்டு, மேலே அவர் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.