ரத்தம் எடுக்காமல் திருப்பி அனுப்பிய ரத்த வங்கிக்கு 4 நட்சத்திரம்

தண்டையார்பேட்டை பக்கம் ஒரு ரத்த வங்கிக்குப் போன ஞாயிறு ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். ஒரு குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

போன வருஷம் ஒரு ரத்ததான முகாமில், என்னென்ன நோய் வந்தது என்று கேட்கும் படிவத்தை நீட்டிய பையன் "எல்லாத்துக்கும் இல்லைன்னு டிக் போடுங்கண்ணா, டைம் ஆகுது" என்றான். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் படிக்காமல் டிக் போட்டுக் கொடுத்தேன். கவுன்சிலர் அக்கா அதை ஓரமாக வைத்துவிட்டு, "தம்பி, வீடு எங்க? கடைசியா குளிர்காய்ச்சல் எப்போ வந்துச்சு?" என்று வாயால் கேட்டார். வீடு கொருக்குப்பேட்டை, மலேரியா வந்து இரண்டு மாதம். 14 நாள் சாப்பிடச் சொன்ன மாத்திரையைக் காய்ச்சல் விட்டதும் ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டேன் என்பதும் அப்போதுதான் என் வாயிலிருந்து வந்தது.

அவ்வளவுதான், இன்று எடுக்க முடியாது என்றுவிட்டார். கோபம் வந்தது, எடுக்கிற ரத்தத்தை எப்படியும் டெஸ்ட் பண்ணத்தானே போகிறீர்கள் என்று கேட்டேன். பொறுமையாக உட்கார வைத்து விளக்கினார். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ் மாதிரி மலேரியாவுக்கும் ஒவ்வொரு பையையும் சோதித்தே ஆக வேண்டும், அது சட்டம். ஆனால் ரத்தத்தில் கிருமி ரொம்பக் குறைவாக இருந்தால் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற ஸ்லைடிலும் தெரியாது, உடனடி டெஸ்ட் கிட்டிலும் கோடு விழாது. சென்னையில் அதிகம் வருவது வைவாக்ஸ் வகை மலேரியா, மாத்திரையைப் பாதியில் விட்டால் அது கல்லீரலில் பதுங்கிக் கிடந்து மாதக்கணக்கில் கழித்துக்கூட மறுபடி ரத்தத்துக்கு வரும். பையை ஃபிரிட்ஜில் வைத்தாலும் கிருமி பல நாள் உயிரோடு இருக்குமாம். அந்தப் பை பிரசவத்தில் ரத்தம் போன ஒரு பெண்ணுக்கோ அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியா நோயுள்ள குழந்தைக்கோ ஏறியிருந்தால் என்று நினைத்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. முழுசாகக் குணமாகி 3 மாதம் கழித்து வரச் சொன்னார், அதற்கு முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரைப் பார்த்து மாத்திரையை முடிக்கச் சொல்லி ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

இடம் சுத்தம், ஏசி ஓடுகிறது, விரலில் குத்தி ஹீமோகுளோபின் பார்த்தவர் கை மென்மை.

ஒரு நட்சத்திரம் குறைத்ததற்குக் காரணம், இந்தக் கேள்வி வரைக்கும் வர ஒன்றேகால் மணி நேரம் ஆனதுதான். டோக்கன், எடை, பிரஷர், விரல் குத்தல் எல்லாம் முடிந்த பிறகே கவுன்சிலர் அறை. வாசல் போர்டில் வயது 18 முதல் 65, எடை 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 என்று பெரிதாக எழுதியிருக்கிறார்கள், மலேரியா பற்றி ஒரு வரி இல்லை. மொட்டை மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் மலேரியா கொசு முட்டை போடுகிற நம்ம ஏரியாவில் அது முதல் வரியாக இருக்க வேண்டாமா? அக்காவிடமே சொன்னேன், எழுதிக் கொடுங்கள் என்றார், கொடுத்துவிட்டு வந்தேன்.

போகிறவர்கள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சமீபத்தில் காய்ச்சல் வந்திருந்தால் அந்த மருந்துச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள், கவுன்சிலர் அறையில் காய்ச்சலைப் பற்றிக் கேட்கிறார்கள்.