கேரல் சீசனுக்கு வாங்கிய கறுப்பு ஃபோல்டர்

டிசம்பர் வந்தால், கிறிஸ்துமஸ் கேரல் பாடும் எங்கள் கொயருக்கு (பாடகர் குழுவுக்கு) மூச்சுவிட நேரமில்லை. இன்று எழும்பூர், நாளை சாந்தோம், நடுவில் கல்லூரித் தேர்வு வேறு. பிராட்வேயில் ஒரு ஸ்டேஷனரி கடையில் 350 ரூபாய்க்கு வாங்கிய இந்த ரிங் ஃபோல்டர் அந்த அலைச்சலுக்குத் தாங்குகிறது. பின்னட்டையில் கைப்பட்டை இருப்பதால் ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் பாட்டுத் தாள் திருப்பலாம். ஆல்டோ (பெண்களில் தாழ்ந்த குரல்) வரிசையில் நெருக்கியடித்து நிற்பவர்களுக்கு இது பெரிய விஷயம். ஏ4 தாள் மடங்காமல் உட்காருகிறது.

ஆனால் கூடவே தரும் பிளாஸ்டிக் உறைகள் வேண்டவே வேண்டாம். மேடை விளக்கு பட்டுப் பளபளத்தால் இசைக் குறிப்புகள் தெரியாது. மெதுவாகப் பாடும் இடத்தில் திருப்பினால் சரசரவென்று சத்தம். கொயர் மாஸ்டர் முறைப்பார் (எங்களவர் நன்றாகவே முறைப்பார்). தாளில் நேரே துளையிட்டுக் கோத்துவிடுங்கள். அப்புறம், ரிங் திறக்கும்போது 'டக்' என்கிறது. அந்த வேலையை மேடை ஏறும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.