என்விடிஏ திரைவாசிப்பான்: சிறு இணையக் கடைக்காரரின் கையில் ஒரு நல்ல சோதனைக் கருவி

பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் சரக்கு என்று பெயரெடுத்த ஆரணிப் பட்டு, ஆம்பூர்த் தோல் பொருள்கள், குடியாத்தம் லுங்கி, கரிகிரி மண்பாண்டம் ஆகியவை இன்று இடைத்தரகர் இல்லாமல், விற்பவரின் சொந்த இணையதளம் வழியாகவே வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போகின்றன. இப்படித் தளம் நடத்தும் சிறு வணிகர்களுக்கு அண்மைக் காலமாக ஒரு புதிய கவலை சேர்ந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் அணுகும்படி உங்கள் தளம் இல்லை, சட்டச் சிக்கல் வரும், எங்கள் சேவையை வாங்கிக்கொள்ளுங்கள் என்று மின்னஞ்சல்கள் வருகின்றன. வேலூரில் இத்தகைய சில கடைகளின் தளங்களைப் பராமரித்து வருபவன் என்ற முறையில், அவர்களிடம் நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: யாருக்கும் பணம் கட்டுவதற்கு முன், என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை உங்கள் கணினியில் நிறுவி, உங்கள் கடையில் நீங்களே ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள். அந்த மென்பொருளைக் கடைக்காரரின் கோணத்திலிருந்து மதிப்பிடுவதே இக்கட்டுரை.

திரைவாசிப்பான் என்பது கணினித் திரையில் உள்ள எழுத்துகளையும் பொத்தான்களையும் படிவங்களையும் குரலாக மாற்றிச் சொல்லும் மென்பொருள். பார்வையற்றோர் சுட்டியைத் தொடாமல், விசைப்பலகையாலேயே கணினியை இயக்குவதற்கு அது துணை நிற்கிறது. என்விடிஏவை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006ஆம் ஆண்டு எழுதத் தொடங்கினார். பின்னர் ஜேம்ஸ் டே அவருடன் சேர்ந்தார். இருவரும் பார்வையற்றவர்கள். அக்காலத்தில் விலைக்குக் கிடைத்த திரைவாசிப்பான்கள் சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாத விலையில் இருந்தன என்பதே அவர்கள் இதைத் தொடங்கியதற்குக் காரணம். இன்றளவும் இது இலவசம். மூலநிரலும் திறந்தே இருக்கிறது. பதிவிறக்கும் பக்கத்தில் நன்கொடை கேட்பார்கள், கட்டாயம் இல்லை. விண்டோஸ் கணினியில் மட்டுமே இயங்கும். பென் டிரைவில் எடுத்துச்சென்று இயக்கும் வசதியும் உண்டு என்பதால், ஊருக்கு ஊர் கடைகளுக்குச் சென்று வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி.

நிறுவிய முதல் நாள் அது ஓயாமல் பேசுவது எவருக்கும் திகைப்பாகவே இருக்கும். கன்ட்ரோல் விசையை அழுத்தினால் பேச்சு நின்றுவிடும் என்பதை முதலில் தெரிந்துகொண்டால் பாதித் திகைப்பு போய்விடும். அதன்பின் கற்க வேண்டியவை அதிகம் இல்லை. இணையப் பக்கத்தில் ஹெச் விசை தலைப்பிலிருந்து தலைப்புக்கும், கே விசை இணைப்பிலிருந்து இணைப்புக்கும், பி விசை பொத்தானிலிருந்து பொத்தானுக்கும், எஃப் விசை படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தாவும். இன்ஸர்ட்டுடன் எஃப்7 அழுத்தினால், பக்கத்திலுள்ள தலைப்புகள், இணைப்புகள், பொத்தான்கள் ஆகியவற்றின் பட்டியல் திறக்கும். அந்தப் பட்டியலில் “மேலும் அறிய, மேலும் அறிய, மேலும் அறிய” என்று வரிசையாக வந்தால், எதைப் பற்றி மேலும் அறிவது என்று பார்வையற்ற வாடிக்கையாளர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்பது கடைக்காரருக்கே விளங்கிவிடும்.

சோதிப்பவர்களுக்கு மிகவும் பயன்படும் இரண்டு வசதிகளைத் தனியே குறிப்பிட வேண்டும். முதலாவது, பேசுவதையெல்லாம் ஒரு சிறு சாளரத்தில் எழுத்தாகவும் காட்டும் வசதி. குரலின் வேகத்துக்குப் பழகாதவர்கள் அதைப் படித்தே குறைகளைக் குறித்துக்கொள்ளலாம். இரண்டாவது, இன்ஸர்ட், கன்ட்ரோல், எஸ்கேப் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரை முழுவதும் கறுத்துப்போகும் வசதி. கண்ணை மூடிக்கொண்டு சோதிப்பதாகச் சொல்பவர்கள் நடுவில் திறந்து பார்த்துவிடுவார்கள். திரையே கறுத்துவிட்டால் காதைத் தவிர வேறு வழி இல்லை, அப்போதுதான் உண்மை நிலவரம் தெரியவருகிறது.

ஆரணிப் பட்டு விற்கும் ஒரு தளத்தில் இப்படித் திரையைக் கறுக்கச் செய்துவிட்டு, கடை உரிமையாளரைக் கேட்கச் சொன்னேன். முகப்பில் எடுப்பான ஒரு சேலை: மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை, முந்தியில் மயில் புட்டா. அவர் காதில் விழுந்ததோ, படக்கோப்புக்குக் கேமரா இட்ட ஆங்கில எழுத்துகளும் எண்களும், அதன்பின் “இணைப்பு” என்ற ஒரு சொல்லும்தான். மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் எழுத்து, இல்லாத படத்தை இணைப்பாக வைத்திருந்தால் என்விடிஏவால் கோப்பின் பெயரையோ முகவரியையோதான் வாசிக்க முடியும். அடுத்த சேலைக்கும் அதே கதி. அதற்கடுத்ததற்கும் அதே கதி. எந்தச் சேலை எந்த நிறம் என்று தெரியாத கடையில் யார் வாங்குவார்கள்? ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் போன்ற, இணையக் கடை அமைக்க உதவும் மென்பொருள்களில் படம் ஏற்றும் இடத்திலேயே மாற்று உரைக்கான பெட்டி இருக்கிறது. தொலைபேசியில் கேட்கும் வாடிக்கையாளருக்குச் சொல்வதுபோல் அதில் ஒரு வரி எழுதினால் போதும். அந்த உரிமையாளர் தறிக்காரர் குடும்பத்தில் பிறந்தவர். கரையையும் புட்டாவையும் ஜரிகையையும் விவரிப்பதற்கு அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. எழுத வேண்டும் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை, அவ்வளவே.

தமிழ்த் தளங்களுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. என்விடிஏவுக்குத் தமிழ் இடைமுகம் இருக்கிறது. உடன் வரும் ஈஸ்பீக் என்ற குரல் தமிழை வாசிக்கிறது, ஆனால் அது இயந்திரத்தனமானது, கேட்கக் கடினமானது. விண்டோஸில் தமிழ்க் குரலைச் சேர்த்துக்கொண்டால் வாசிப்பு எவ்வளவோ மேம்படும். ஆனால் குரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், தளத்தின் நிரலில் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருந்தால், தமிழ் உரை ஆங்கிலக் குரலிடம் போய்ச் சேர்ந்து குழறிவிடும். வெளிநாட்டில் ஆயத்தமாக வடிவமைத்த தள வார்ப்புருவை வாங்கி அப்படியே தமிழில் நிரப்பிய தளங்களில் இந்தக் குறையை மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். மொழிக் குறியை மாற்றுவது ஒரே வரித் திருத்தம்தான். இதைவிடக் கெடுதலானது, டிடிபி கடைகளில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய விலைப்பட்டியலை அப்படியே ஏற்றுவது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல் என்பதால், திரைவாசிப்பான் அதை அப்படியே உளறும். யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டில் தட்டினால் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை. ஆடித் தள்ளுபடி, பொங்கல் சலுகை என்று அலங்காரமாக வரையும் சுவரொட்டிப் படங்களையும் இதோடு சேர்க்க வேண்டும். சலுகை எத்தனை சதவீதம், எந்தத் தேதி வரை என்ற செய்தி முழுவதும் படத்துக்குள் அடைபட்டிருக்கும். படத்தை வைத்துக்கொள்ளுங்கள், அதன் கீழேயே அதே செய்தியை எழுத்திலும் போடுங்கள்.

என் பார்வையில் என்விடிஏ தன் மதிப்பை முழுதாகக் காட்டும் இடம் பணம் செலுத்தும் பக்கம். முகவரிப் படிவத்தின் கட்டங்களுக்கு உள்ளே வெளிர் சாம்பல் நிறத்தில் “பின்கோடு”, “கைப்பேசி எண்” என்று எழுதிவிட்டு, கட்டத்துக்கு முறையான பெயர்ச்சீட்டு வைக்காமல் விடுவது பல வார்ப்புருக்களில் வழக்கமாகிவிட்டது. தட்டத் தொடங்கியதும் அந்த எழுத்து மறைந்துவிடும். நடுவில் கவனம் சிதறியவருக்கு அது எந்தக் கட்டம் என்றே தெரியாது. எண்ணிக்கையைக் கூட்டவும் குறைக்கவும் வைத்துள்ள கூட்டல், கழித்தல் குறிகள் வெறும் “பொத்தான், பொத்தான்” என்று ஒலிக்கும். பின்கோடு தவறானால் கட்டத்தின் ஓரம் சிவப்பாக மாறும், வேறெதுவும் சொல்லாது. வாடிக்கையாளர் ஆர்டர் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அவர் போனது கடைக்காரருக்குத் தெரியவே தெரியாது. இந்தக் குறைகளெல்லாம் தானியங்கிச் சோதனை அறிக்கையில் ஒரு வரியாகத்தான் வரும். என்விடிஏவில் கேட்கும்போது ஒரு விற்பனை கை நழுவுவதாகவே உறைக்கிறது.

இந்த மென்பொருளால் கண்டுபிடிக்க முடியாதவையும் உண்டு. நிற வேறுபாடு அவற்றில் முதன்மையானது. பட்டுக்கடைகளும் நகைக்கடைகளும் விரும்பும் சந்தன நிறப் பின்னணியில் பொன்னிற எழுத்து, பார்வை மங்கியவர்களுக்கு எழுத்தாகவே தெரியாது. வேலூர் ஆரணி சாலையில் உள்ள ஷெல் கண் மருத்துவமனைக்கு வரும் முதியவர்களும் இணையத்தில் பொருள் வாங்குகிறவர்கள்தானே. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதம் இருக்க வேண்டும் என்பது இணைய அணுகலுக்கான டபிள்யூசிஏஜி என்ற உலக நெறிமுறையின் இரண்டாம் நிலைத் தேவை. இதை அளப்பதற்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் வெப்எய்ம் அமைப்பின் வேவ் என்ற இலவசக் கருவியைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில் வருவதால், ஆண்ட்ராய்டில் ஏற்கெனவே இருக்கும் டாக்பேக் என்ற திரைவாசிப்பானிலும் ஒருமுறை கேட்டுவிட வேண்டும். என்விடிஏ இவ்விரண்டுக்கும் மாற்று ஆகாது.

தளத்தின் ஓரத்தில் ஒரு சிறு மனித உருவச் சின்னத்தை ஒட்டிவிட்டு, இனி உங்கள் தளம் எல்லா அணுகல் விதிகளுக்கும் இணங்கியது என்று உறுதியளிக்கும் சந்தாச் சேவைகளோடு இதை ஒப்பிட்டே ஆக வேண்டும். நான் பராமரிப்பை ஏற்ற ஒரு கடையில் அத்தகைய சேவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே தேவையில்லை. எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும் என்று அது சொன்னவை பெரும்பாலும் உலாவியிலேயே உள்ளவை. என்விடிஏவை இயக்கிக் கேட்டபோது, பெயரில்லாத பொத்தான்கள் பெயரில்லாமலேயே இருந்தன. கூடுதலாக அந்தச் சின்னமும் ஒரு தடையாக நடுவில் வந்து நின்றது. அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம், தளத்தில் ஒட்டும் தன் செருகியால் எந்தத் தளத்தையும் டபிள்யூசிஏஜிக்கு இணங்கச் செய்ய முடியும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்து, 10 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்ற ஆணையை 2025 ஜனவரியில் அறிவித்தது. அந்தச் சந்தாவுக்குக் கட்டும் பணத்தை, படங்களுக்கு மாற்று உரை எழுதத் தெரிந்த ஒருவருக்குக் கூலியாகக் கொடுத்தால் கடைக்கு உண்மையான பலன் கிடைக்கும்.

சட்டத்தைப் பற்றி அஞ்சுபவர்களுக்குச் சில விவரங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 46ஆம் பிரிவு, அரசுச் சேவைகளோடு தனியார் சேவைகளையும் அணுகல் விதிகளுக்குள் கொண்டுவருகிறது. மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க 89ஆம் பிரிவு இடமளிக்கிறது. அச்சட்டத்தின்கீழ் வந்த அணுகல் விதி வெறும் பரிந்துரையாக நிற்பது சட்டத்துக்கு முரணானது என்று ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் அணுகல், அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் வேறொரு வழக்கில் கூறியது. ஆம்பூர், ராணிப்பேட்டையிலிருந்து ஐரோப்பியர்களுக்கு இணையத்தில் நேரடியாகத் தோல் பை விற்பவர்கள், 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய அணுகல் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். இணைய வணிகம் அதன்கீழ் வருகிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும், ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் யூரோவைத் தாண்டாத சேவை நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. இங்குள்ள சிறு கடைகளில் பல அந்த விலக்குக்குள் வரக்கூடும். விலக்கு கிடைத்தாலும், பெயரில்லாத பொத்தானால் திரும்பிப் போகும் வாடிக்கையாளர் திரும்பித்தான் போவார்.

கடைக்காரர் தாமே செய்யும் சோதனைக்கு ஒரு வரம்பு இருக்கிறது. பார்வையுள்ளவர் தம் தளத்தின் அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டே கேட்பதால், எங்கே எது இருக்கும் என்று அறிந்தே தாவுவார். ஆகவே மேற்சொன்ன குறைகளைத் திருத்திய பிறகு, என்விடிஏவை அன்றாடம் பயன்படுத்தும் பார்வையற்றவர் ஒருவரை ஒரு மணி நேரம் அழைத்து, குறிப்பு ஏதும் கொடுக்காமல், ஒரு பொருளைத் தேடி, விலை அறிந்து, முகவரி கொடுத்து, பணம் கட்டும் கட்டம் வரை போகச் சொல்லுங்கள். நடுவில் உதவ வேண்டாம், அவர் நின்ற இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வேலூரில் வங்கிகளிலும் பள்ளிகளிலும் பணியாற்றும் பார்வையற்றோர் இருக்கிறார்கள். கல்லூரி மாணவர்களும் இருக்கிறார்கள். இதைச் சேவையாகக் கேட்காதீர்கள். தளம் வடிவமைத்தவருக்குக் கொடுப்பதுபோல், மணிக்கு இவ்வளவு என்று முன்பே பேசி, வேலை முடிந்த அன்றே அவருக்குரிய தொகையைக் கொடுத்துவிடுங்கள்.