ஏற்றத்தை அறியாத கைக்கடிகாரம்: மூன்று ஆண்டு அனுபவம்

இந்த ஸ்மார்ட் கைக்கடிகாரத்தைக் கட்டத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வாரை ஒரு தடவை மாற்றினேன். ஏழு நாள் தாங்கிய பட்டரி இப்போது நான்கு நாளில் இறங்கிவிடுகிறது. மழையில் நனைந்தும் கெடவில்லை. ஆனால் மலைநாட்டில் இதை வாங்க நினைப்பவர்களிடம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: காலடி எண்ணிக்கையை நம்பாதீர்கள், நாடித்துடிப்பைப் பாருங்கள்.

எனக்கு வயது 44. ஹட்டன் நகரில் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் கணக்கு வேலை. மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலை மலைக்குள் 22 நிமிடம் ஏறினால்தான் வீடு. அதற்குக் கடிகாரம் தருவது 1,900 காலடி. கொழும்புக்குப் பயிற்சிக்குப் போனபோது சமதளமான காலிமுகத்திடலில் 6,000 காலடி நடந்தேன். துடிப்பு 100-ஐத் தாண்டவில்லை. இங்கே பாதி ஏற்றத்திலேயே 140. 220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு 176 என்பது பொதுவான கணக்கு. அதில் 77 சதவீதத்தைத் தாண்டினால் கடும் உழைப்பு. எனக்கு அது 136. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்போ 75 நிமிடக் கடும் உழைப்போ வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி. எனக்கு அந்தக் கடும் உழைப்பு வீடு திரும்பும் வழியிலேயே கிடைத்துவிடுகிறது.

விடியற்காலைக் குளிரில் மணிக்கட்டு சில்லிட்டுவிட்டால் உணரி தடுமாறுகிறது. மூச்சு வாங்க ஏறும்போது 78 என்று காட்டியிருக்கிறது. அப்போது பழைய சோதனைதான் கைகொடுக்கும்: பேச முடிந்து பாட முடியாவிட்டால் மிதமான உழைப்பு, நாலு வார்த்தைக்கு மேல் வராவிட்டால் கடுமையானது. அடுத்த தடவை காற்றழுத்தத்தை வைத்து உயரத்தையும் கணக்கிடும் கடிகாரமாகப் பார்த்து வாங்குவேன்.

ஒரு சனிக்கிழமை அதை அக்காவின் கையில் கட்டி அனுப்பினேன். அவருக்கு 49 வயது, கொழுந்து பறிக்கிறார். மாலையில் வந்தபோது வாரின் துளைகளிலெல்லாம் கொழுந்துக் கறை. கடிகாரம் 19,000 காலடி என்றது. அதில் எவ்வளவு பறிக்கும் கையின் அசைவோ தெரியாது. தலைச்சுமையை அசையாமல் பிடித்துக்கொண்டு, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஏறியதில் எத்தனை காலடி விடுபட்டதோ. துடிப்புக் கோடுதான் என்னைக் கலங்கவைத்தது. நிறுவைக்கு முன்பெல்லாம் அது உயர்ந்திருந்தது. கடைசி ஏற்றத்தில் 151. நான் மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம். அவருக்குச் சரிவும் சுமையும் நிறுவை நேரமும்தான் வேகத்தை வைக்கின்றன. "இன்றைய இலக்கு நிறைவு" என்று திரையில் வாழ்த்து வந்தபோது அவர் முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஞாயிறு. ஓய்வுநாள் கணக்கையும் பார்க்கலாம் என்று கடிகாரத்தை நீட்டினேன்.

"இன்றைக்கு வேண்டாம் தம்பி. கையில் ஒன்றும் இல்லாமல் கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறேன்" என்றார்.