கைநூல் சட்டை: துணியும் தையலும் அருமை, காஜா மட்டும் குறை

கையால் நூற்றுக் கையால் நெய்த பருத்தித் துணியில், கிராமத்துத் தையல்காரர் ஒருவர் தைத்துக் கொடுத்த சட்டை இது. கைநூல் ஒரே தடிமனில் வராது; ஊடையில், அதாவது குறுக்கு இழையில், அங்கங்கே சிறு திரட்சிகள் விரலுக்குத் தட்டுப்படும். அதைக் குறையென்று சொல்பவர்களோடு நான் உடன்படவே மாட்டேன். தளர்ந்த நெசவில் காற்று புகுவதால் வியர்வை சீக்கிரம் உலர்கிறது.

துணியின் அகலம்தான் குறைவு. ஊடை நூலைத் தறியின் குறுக்கே கொண்டுசெல்லும் கருவிதான் நாடா. 1733இல் ஜான் கே என்ற ஆங்கிலேயர், கயிற்றை இழுத்து ஓடவிடும் பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை பெறும்வரை, அகலத் துணி நெய்யத் தறியில் இருவர் அமர வேண்டியிருந்தது. நாடாவைக் கையால் வீசும் தறியில் இன்றும் நெசவாளரின் கை எட்டும் அளவே துணியின் அகலம். ஆகவே வெட்டுபவருக்கு நிதானம் தேவை. இவருக்கு அது நிறையவே இருக்கிறது. முதலில் துணியை நனைத்துச் சுருங்கவைத்தார். பாவு, அதாவது நெடுக்கு இழை, மேலிருந்து கீழாக நேரே விழும்படி வெட்டினார். துணியின் கரையையே பொத்தான் வரும் முன்பட்டியின் உள்விளிம்பாக வைத்ததால் அங்கே பிசிறு என்ற பேச்சே இல்லை. பக்கத் தையல்களை உள்மடித்து இரட்டையாக ஓட்டியிருக்கிறார். எத்தனை அழகான வேலை!

பொத்தான் துளையான காஜா மட்டும் இயந்திரத்தில் எடுத்தது. இந்த நெசவுக்கு அது பொருந்தவில்லை, ஓரத்தில் இழை பிரிகிறது. தைக்கக் கொடுப்பவர்கள் கைக்காஜா வேண்டுமென்று முன்பே கேட்டுவிடுங்கள், சற்றுத் தாமதமானாலும் சரி.