வான்வழி 62, சாலைவழி 118: தூரம் காட்டும் தளங்களோடு 6 ஆண்டுகள்

இயந்திரம் பழுதுபார்ப்பது என் வேலை, மாதத்தில் பாதி நாள் சின்ன ஊர்களுக்கு இடையே ஓட்டம்தான். இரண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தால் வான்வழித் தூரத்தையும் (நேர்கோட்டில் அளந்தது) சாலைவழித் தூரத்தையும் காட்டும் இணையதளங்களை 6 ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன்.

முதல் வருடமே நன்றாகப் பட்டேன். ஒரு தளத்தில் பெரிய எழுத்தில் 62 கிமீ என்று இருந்தது. சரி, ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நடுவில் மலை. வண்டி ஓடியது 118 கிமீ, போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. அந்த 62 வான்வழிக் கணக்கு என்பதைக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அந்தக் கணக்கே தப்பு என்று சொல்ல மாட்டேன். இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, பூமியை 6,371 கிமீ ஆரமுள்ள உருண்டையாக வைத்துக்கொண்டு, பெரும்பாலும் ஹாவர்சைன் என்ற, உருண்டைமேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரம் காணும் சூத்திரத்தில் போடுகிறார்கள். பூமி துருவப் பக்கம் கொஞ்சம் தட்டை என்பதால் அரை சதவீதம் வரை பிசகலாம், 62 கிமீயில் அது சுமார் 300 மீட்டர்தான். ஊருக்கு எந்தப் புள்ளியை எடுக்கிறார்கள் என்பதில்தான் உண்மையான சிக்கல். ஒருவர் கடைத்தெருவை வைப்பார், இன்னொருவர் ஊர் எல்லையின் நடுப்புள்ளியை வைப்பார், அது வயல் நடுவில் போய் விழும். 2,000 கிமீ தூரத்தில் இது தெரியாது, 30 கிமீயில் நன்றாகவே தெரியும்.

எனக்குக் கோபம் வருவது விமான நேரத்தைப் பார்த்தால்தான். தூரத்தை மணிக்கு 800 கிமீயால் வகுத்து "5 நிமிடம்" என்று போடுகிறார்கள். இரண்டு ஊரிலும் விமான நிலையமே இல்லை! இருந்தாலும் ஏறவும் இறங்கவுமே அதைவிட நேரம் ஆகும். அவசரத்தில் பார்க்கிறவருக்கு இது எதற்கு உதவும்? விமான நிலையம் இல்லாத ஊர்களுக்கு அந்த வரியை எடுத்துவிட வேண்டும்.

ஆனாலும் வான்வழி எண்ணை நான் விடவில்லை. சாலைத் தூரத்தை அதால் வகுத்துப் பார்ப்பேன். சமவெளியில் பெரும்பாலும் 1.2 முதல் 1.4 வரை வரும். 1.5ஐத் தாண்டினால் உடனே வரைபடத்தைத் திறந்துவிடுவேன், மலையோ ஏரியோ பாலமில்லாத ஆறோ குறுக்கே இருக்கும். ஒரு தடவை அக்கரை ஊர் கூப்பிடு தூரம், வான்வழி 3 கிமீ, பாலத்தைச் சுற்றிப் போனால் 41. விகிதம் 1க்குக் கீழே வந்தால் ஏதோ ஒரு புள்ளி தப்பு, ஏனென்றால் நேர்வழியைவிடக் குறுகிய சாலை இருக்க முடியாது. பெரும்பாலும் ஒரு கணக்கில் அதே பெயருள்ள வேறு ஊரை எடுத்திருப்பார்கள்.

அதனால் இப்போதெல்லாம் ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்வதில்லை. போக வேண்டிய வாசலின் புள்ளியை வாடிக்கையாளரிடமே அனுப்பச் சொல்லி, அதைத்தான் போடுகிறேன்.